பஸ்ஸில் என் பக்கத்து இடம்

இன்று வேலூர் பஸ்ஸில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இதில் என்ன அதிசயம் என்பீர்கள். ஆம்பூரில் அத்தா தொடங்கிய, பச்சைத் தோல் பதனிடும் தோல் ஷாப்பை நடத்துகிறவன் நான். எந்த சோப்புக்கும் போகாத வாடை. பஸ்ஸில் கூட்டம் நெரிந்தாலும் என் பக்கத்து இடம் காலியாகவே வரும்.

"ஜவுளிக்கடை வச்சிருக்கீங்களா?" என்று அவர் சிநேகமாகக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கண்டக்டர் சிரித்தார்.

"ஜவுளியா? தோல் ஷாப்பு முதலாளிங்க! இன்னா சாயபு, வாடையே காணோம், அத்தர் ஜாஸ்தியா?"

அத்தர் போடவில்லை. சீமையில் நம் தோலை வாங்க ஆளில்லை. ரம்ஜானிலிருந்தே தோல் ஊறும் தொட்டிகள் காய்ந்து கிடக்கின்றன.

அந்த மனிதர் எழுந்து போகவில்லை. என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார்.

இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்த தோஸ்துகளே, இனி தாராளமாகப் பக்கத்தில் உட்காரலாம். யார் வருகிறீர்கள்?