செல்விக்கு விழுந்த மைனஸ்

கொல்லங்கோடு பெண்கள் பாஸ்கெட்பால் அணிக்குப் பல வருஷம் ஸ்டாட்ஸ் பார்த்தேன். பெஞ்சின் ஓரத்தில் லேப்டாப்போடு உட்காருவேன். பாயிண்ட், பாஸ், ரீபவுண்டு எதுவும் என் ஷீட்டுக்குத் தப்பாது. பக்கத்தில் உட்காரும் மாற்று ஆட்டக்காரி செல்விதான் தொல்லை. மேட்ச் முழுக்கக் கத்துவாள். கவனம் சிதறுகிறதென்று காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனசு கோர்ட்டுக்கு ஓடுகிறது, அந்தப் பஞ்சை மட்டும் நினைக்கப் பிடிக்கவில்லை.

பிளஸ்-மைனஸ் என்று ஒரு கணக்கு உண்டு. ஒருத்தி களத்தில் நிற்கும் நேரத்தில் அணி முன்னேறியதா, பின்தங்கியதா என்று சொல்லும். செல்விக்கு எப்போதும் மைனஸ். ஒரு வருஷம் மாவட்ட அணிக்கு லிஸ்ட் கொடுக்கும் வாரம் வந்தது. அதில் பெயர் வந்தால்தான் அவளுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். அவளை நீக்கக் கோச் தயங்கினார். நான் விடவில்லை. நம்பர் பொய் சொல்லாது என்று வேறு சொன்னேன். அவரும் செல்வியின் பெயரை எடுத்துவிட்டார்.

செல்வி சண்டை போடவில்லை. பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சார், நம்ம மெயின் பிளேயருங்க ரெஸ்ட் எடுக்கறப்பத்தான் என்னைய உள்ள உடறாங்க. அப்ப எதிர்ல ஆரு நிக்கறாங்கன்னு உங்க ஷீட்டுல இருக்குங்களா?"

நான் லேப்டாப்பைத் திறப்பதற்குள் கோவிந்தாபுரம் பஸ் வந்தது, போய்விட்டாள்.

அடுத்த மேட்சுக்குச் செல்வி வரவில்லை. பந்தை முன்னெடுத்துப் போகும் எங்கள் பாயிண்ட் கார்டு மீனா திரும்பத் திரும்ப ஸ்கிரீனில் மோதி விழுந்தாள். பந்தோடு ஓடுபவளைத் துரத்தும்போது, எதிரணியில் இன்னொருத்தி வந்து வழியை மறித்து நிற்பதுதான் ஸ்கிரீன். துரத்துகிறவளுக்கு அது தெரியாது, யாராவது சொல்ல வேண்டும். டைம் அவுட்டில் கோச் திட்டினார். மீனா முழங்கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"செல்வியக்கா பெஞ்சுல இருந்தே எடப்பக்கம் ஆளுன்னு கத்துவாங்க. இப்ப ஆருமே சொல்றதில்லீங்க."

காதில் இருந்த பஞ்சை எடுத்தேன். பெஞ்ச் மொத்தமும் ஊமையாக இருந்தது. மற்றவர்களுக்கு நான் போட்ட பிளஸ்ஸில் பாதி செல்வியின் தொண்டை. அவள் உட்கார்ந்திருந்த நேரமானதால் அவள் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. வெட்கமாக இருந்தது.

செல்வியைச் சேர்க்கச் சொல்லிக் கோச்சும் நானும் மாவட்டத் தேர்வாளர்களிடம் ஓடிப் போய்க் கேட்டோம். லிஸ்ட் முடிந்துவிட்டது என்றார்கள். செல்வியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் அடுத்த மேட்சுக்கு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"பஞ்சு வெச்சிருக்கீங்களா சார்?"

இல்லை என்றேன்.

ஸ்டாட்ஸ் பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஷீட்டை நம்புங்கள், காதையும் திறந்து வையுங்கள். இது எனக்குப் புரிய ஒரு சீட் போனது. அது என்னுடைய சீட் இல்லை.