மூன்றாம் லைன், ஏழாம் வீடு

தபித்தாள் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தது 1958 ஜூன் 2. நான் அங்கே பதிவேட்டு எழுத்தர். அடுத்த பத்து ஆண்டுகளில் அவர் கையில் பிறந்த குழந்தைகள் எழுபத்துமூன்று. எஸ்டேட்டின் பெயர் இங்கே வேண்டாம்.

1968இல் ஓர் ஆராய்ச்சி டாக்டர் வந்தார். காசநோய் ரத்த உறவில் இறங்குகிறதா, ஒரே அறையில் படுப்பதால் தொற்றுகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு யார் யாருக்குப் பிறந்தவர் என்ற உண்மை தேவை. வளர்ப்புப் பிள்ளையைப் பெற்ற பிள்ளை என்று எழுதினால் கணக்கே தப்பிவிடும். வேற்றாளிடம் இதை யார் சொல்வார்கள்? தபித்தாளை அனுப்பினார்.

"பெயர் எழுத வேண்டாம். எண் போதும்" என்றார். லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் எண்ணும் வீட்டு எண்ணும் சேர்ந்தது அந்த எண். வெளியூர்க்காரருக்கு அது வெறும் எண். எங்களுக்கு அதுதான் பெயர். கடையில்கூட "மூணு ஏழு வந்திருக்கு, அரிசி போடு" என்பார்கள். தபித்தாள் இதை முதல் வாரமே அவரிடம் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அச்சுக்குப் போகும்போது வேறு எண் போட்டுவிடுவேன், சத்தியம்" என்றார் டாக்டர்.

அந்தச் சொல்லை நம்பி தபித்தாள் 41 வீடுகளும் ஏறி இறங்கினார். மூன்றாம் லைன் ஏழாம் வீட்டில் பேச்சி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "மரகதம் நான் பெத்ததில்லீங்க. எந்தங்கச்சி புள்ள. அவ இருமி இருமியே போய்ச் சேந்தா. இது புள்ளைக்குத் தெரியாதுங்க. வர்ற வைகாசியில கல்யாணம்."

"இந்த நோட்டைத் தாண்டாது, பேச்சி."

1969 மார்ச் 11, செவ்வாய். எந்த வீட்டில் யார் யாருக்குப் பிறந்தவர் என்று காட்டும் பெரிய வரைபடம் ஒன்றை டாக்டர் அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். மருந்துக்கு வரிசை நிற்கும் வராந்தாவில் மாட்டச் சொன்னார் மானேஜர். தபித்தாள் அன்று காந்தலில் அண்ணன் வீட்டில் இருந்தார். வட்டம் பெண், கட்டம் ஆண், கறுப்பு நோயாளி, புள்ளிக்கோடு வளர்ப்பு என்று கீழே தமிழிலேயே விளக்கம். எண்கள் மாறவில்லை. நான் பார்க்காமலே ஆணி அடித்தேன்.

வரிசையில் நின்ற லிங்கசாமி விரல் வைத்துப் படித்தான். "மூணு ஏழு... புள்ளிக்கோடு! அட, பேச்சி பொண்ணு இரவல் பொண்ணாமப்பா!"

சிரித்தார்கள். மரகதம் நான்காவதாக நின்றிருந்தாள்.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் விலகினார்கள். ரத்தத்திலேயே நோய் என்றார்கள். நோய் ரத்தத்தில் இறங்குவதில்லை, அறையில்தான் தொற்றுகிறது என்பதே அந்த ஆராய்ச்சியின் முடிவு. வரைபடத்தின் கடைசி வரியில் அது இருந்தது. யாரும் அதுவரை படிக்கவில்லை.

தபித்தாள் பேச்சி வீட்டுக்குப் போனபோது மரகதம் வாசலை மறித்து நின்றாள்.

"ஊருக்குக் காட்டத்தான் ஊடு ஊடா வந்தீங்களா, நர்சம்மா?"

"நான் காட்டலை, கண்ணு. அவர் சத்தியம் பண்ணினார்."

"எங்கம்மா அவருகிட்டயா சொன்னாங்க? உங்ககிட்டதானுங்க சொன்னாங்க."

தபித்தாள் டாக்டருக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதற்குப் பதில் வந்தது. எண்களை மாற்றினால் கணக்கு இயந்திரத்துக்கான துளை அட்டைகள் அத்தனையும் புதிதாகத் தயாரிக்க வேண்டும், அவகாசம் இல்லை. நர்சின் உழைப்புக்கு அறிக்கையில் நன்றி தெரிவித்திருக்கிறோம் என்றது.

1971இல் காசநோயைக் கண்டுபிடிக்கும் சளிப் பரிசோதனைக்காகத் தபித்தாள் மறுபடி எல்லா லைன்களிலும் நடந்தார். சளி கொடுத்தவை ஆறு வீடுகள். மூன்றாம் லைனில் ஒரு வீடும் கொடுக்கவில்லை. பேச்சிக்கு அப்போது இரண்டு மாத இருமல்.

1972 பிப்ரவரி 19இல் அவள் இறப்பைப் பதிந்தேன். காரணம், காசநோய். அதற்கான மருந்து எங்கள் அலமாரியில் இருந்தது.