அக்காவைத் தூக்க ஒரு இன்ஜின்

படகின் நடுவில் இருக்கும் இன்ஜின் பெட்டியின் மூடியைத் தூக்கி, முழங்காலிட்டு, தலையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஒரு இழு இழுப்பார். பெட்ரோல் வாடை இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு இழு. அப்புறம்தான் சாவியைத் திருப்புவார். பெட்டிக்குள் பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் ஒரு பொறி போதும், படகும் ஆளும் வாணவேடிக்கைதான் என்பது அவர் கட்சி. அது நியாயம். ஆனால் வீட்டில் அடுப்பு பற்றவைக்கப் போனாலும், யாராவது ஸ்கூட்டரை எடுத்தாலும் அதே மூக்கு முன்னால் வந்து நிற்கும். அதனால் சொந்தபந்தம் எல்லாம் சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் மோப்பம். பிள்ளைகள் மட்டும் மரியாதைக்கு ஒரு மாமா சேர்த்துக்கொள்வார்கள்.

பிழைப்புக்கு அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்க்கிறார். உள்ளே போனதும் ஓர் ஓரமாகக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அது கிளம்பும்போது வயிறு தூக்கிப்போட்டால், "முரட்டுப் பய" என்று அதைத் திட்டிவிட்டு மேலே இயந்திர அறைக்குப் போவார். அலுங்காமல் ஏறி இறங்கும்படி செய்தபிறகே சோற்று டப்பாவைத் திறப்பார்.

படகு அவருக்கும் அக்காவுக்கும் பொது. இருவருக்கும் கல்யாணம் ஆகுமுன்னே, யாரோ ஓட்டித் தேய்த்ததைச் சேர்ந்து வாங்கினார்கள். அவர் ஓட்டுவார். அக்கா காலில் பலகை மாட்டி, படகின் பின்னால் கட்டிய நீளக் கயிற்றின் நுனிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏரித் தண்ணீரில் சறுக்கி வருவார். அக்காவைக் கட்டிய அத்தானுக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் மிதவைச் சட்டையைக் கழுத்துவரை இறுக்கிக்கொண்டு, ஓட்டுகிறவர் பக்கத்திலேயே பின்புறம் பார்த்து உட்கார்ந்திருப்பார். கயிற்றில் வருகிறவர் விழுந்தால் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. "கட்டின நாள்லேருந்து எனக்கு இதே உத்தியோகம்தான். அவளைப் பார்த்துக்கிட்டே இருக்கிறது," என்பார்.

போன வருஷம் அக்கா தன் தையல்கடைப் படியில் உருண்டு தோள்பட்டையை முறித்துக்கொண்டார். எலும்பு கூடிவிட்டது. துணி வெட்டுகிறார், மிஷினில் உட்காருகிறார். ஆனால் ஏரியில் எழுந்து நிற்க முடியவில்லை. பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின் முக்கி முனகி வேகம் பிடிப்பதற்குள், தண்ணீர் நெஞ்சில் சுவர்போல வந்து மோதும். தோள் கதறும். கட்டையை விட்டுவிடுவார். ஒரு காலை அப்படி விழுந்து விழுந்து அலுத்து, படகில் ஏறித் துண்டைப் போர்த்திக்கொண்டார்.

"போதும்டா. பலகையை யாருக்காவது குடுத்துடு. தோள் ஒத்துக்கலை."

மோப்பம் முகத்தைத் திருப்பவில்லை. "உன் தோள்ல ஒண்ணும் இல்லைக்கா. இன்ஜினுக்குத்தான் வயசாயிடுச்சு."

"எனக்கு மட்டும் ஆகலையாக்கும்."

"அதை மாத்தலாம். உன்னை மாத்த முடியாதே."

எட்டு சிலிண்டர் இன்ஜின் போடப்போகிறார் என்று கேட்டதும் படகுத்துறைக் காவலாளிக்கு ஒரே சிரிப்பு. "இந்தக் காயலான் சாமானுக்கு எட்டு சிலிண்டரா? புதுப் படகே வாங்கிடலாம் சார்."

"உங்க அக்காவுக்கு வயசானா புது அக்கா வாங்குவீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொட்டகைக்குள் போனவர், குளிர்காலம் முழுக்க அங்கேயேதான் கிடந்தார்.

பழைய இன்ஜினைச் சங்கிலி போட்டுத் தூக்கிப் பார்த்தால், அதைத் தாங்கியிருந்த மரச் சட்டங்கள் ஊறிப் போயிருந்தன. விரலை வைத்தால் உள்ளே போயிற்று. முதலில் சட்டங்களை மாற்றினார். அப்புறம், பாறையில் மோதி உடைந்துபோன பெரிய படகு ஒன்றிலிருந்து எடுத்த எட்டு சிலிண்டர் இன்ஜினை இறக்கினார். இறக்கினால் ஆயிற்றா? இன்ஜினும் புரொப்பல்லர் தண்டும் சந்திக்கும் இடத்தின் இடைவெளியில் மெல்லிய தகட்டைச் செருகிச் செருகி அளந்து பார்த்து, கோணல் தீரும்வரை போல்ட்டுகளை இம்மி இம்மியாகத் திருகினார். அத்தான் டார்ச் பிடித்தார். புரொப்பல்லரையும் கூடுதல் சக்திக்கு ஏற்றதாக மாற்றினார்கள். தனியாக ஓட்டிப் பார்த்த அன்று படகு மூக்கைத் தூக்கிப் பாய்ந்தது. ஏரி நடுவில் ஒற்றை ஆளாகச் சிரித்துவிட்டு வந்தார்.

ஏரி அசையாமல் கிடந்த ஒரு விடியலில் அக்கா தண்ணீரில் இறங்கினார். கயிறு விறைத்தது. "போ," என்று கத்தினார். மோப்பம் ஆக்ஸிலரேட்டர் பிடியைக் கடைசிவரை முன்னால் தள்ளினார். தள்ளியது அவர் இல்லை, இத்தனை வருஷப் பழக்கம். பழைய இன்ஜினுக்கு அந்தப் பிடியை முழுக்கத் தள்ளி, போதாதென்று தன் உடம்பையும் முன்னால் சாய்த்துக் கெஞ்ச வேண்டும். கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். புது இன்ஜின் உறுமியது; கட்டை அக்காவின் கையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அவர் குப்புற விழுந்தார்.

மோப்பம் படகைச் சுற்றிக்கொண்டு வந்தார். அக்கா தோளைப் பிடித்தபடி மிதந்தார்.

"வலிக்குதாக்கா?"

"தோளுக்கு ஒண்ணும் இல்லை. ஏன்டா, கண்ட கிழவியையும் அலுங்காம மாடிக்குத் தூக்கிட்டுப் போற. கூடப்பிறந்தவளை மட்டும் பிடுங்கி எறியிறியே."

அத்தான் சிரித்துவிட்டார். மோப்பத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தடவை கை பயந்து தொடக்கத்திலேயே நின்றது. படகு தவழ்ந்தது. அக்கா பழையபடியே தண்ணீரை முட்டிக்கொண்டு வந்து, முகம் சுளித்துக் கட்டையை விட்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை. முடியலேன்னா கரைக்குப் போயிடலாம். பலகை விஷயம் நான் சொன்னதுதான்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் மோப்பத்தை என்னவோ செய்தது.

"என்னால முடியலை அத்தான். என் கை ஒண்ணு பிடுங்குது, இல்லைன்னா நட்டாத்துல விடுது."

"நீ முன்னாடி பாரு மாப்ளே," என்றார் அத்தான்.

கண்ணை மனைவியிடமிருந்து எடுக்காமலே பக்கவாட்டில் கையை நீட்டி, மச்சினன் கைமேல் தன் கையை வைத்தார். அந்தப் பிடியை அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காதவர். ஆனால் மனைவியின் முழங்கால் எப்போது மடங்கும், முதுகு எப்போது சாயும் என்பது அவருக்குத் தெரியும். கை மெல்ல அழுத்தியது. பலகை நிமிர்ந்து வரட்டும் என்று காத்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

"வர்றா. இரு, இரு. வந்துட்டா."

அத்தானின் கை விலகியது. பின்னால் தண்ணீர் கிழியும் சத்தமும், அதற்கு மேலே அக்காவின் சிரிப்பும் கேட்டன.

பிடி பாதிவழிகூடப் போகவில்லை. எட்டு சிலிண்டரின் சக்தியில் பெரும்பங்கு அப்படியே மிச்சம். மோப்பம் முன்னால் பார்த்தபடியே கட்டைவிரலை மடக்கிப் பிடிக்கு எதிரே முட்டுக்கொடுத்து, அது மயிரிழைகூட மேற்கொண்டு நகராமல் பிடித்துக்கொண்டார்.