பதில் கேட்டு நிற்கும் வரி

2004 மார்கழி 26, சுனாமி நாள். ரியாத்தில் காலை பத்து மணி. மெயின்பிரேம் என்னும் பெருங்கணினி அறையில் வேலையில் இருந்த நல்லரத்தினத்துக்கு ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்னார், மட்டக்களப்புக் கரையிலுள்ள தங்கள் ஊர் குருக்கள்மடத்துக்குள் கடல் வந்துவிட்டதென்று. அடுத்த ஷிப்ட்காரர் வரும்வரை அவரால் திரையை விட்டு எழ முடியவில்லை. மனைவி வதனி அன்று கடற்கரைப் பக்கம் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். உடல் கிடைக்கவேயில்லை.

வதனி மட்டக்களப்பில் கணினி படிப்பித்தவள். அவளுடைய பாடப்புத்தகத்தில் கணினியின் நடுவில் ஒரு கேர்னல், எல்லாவற்றையும் ஆளும் மைய நிரல். நினைவகமோ கோப்போ, எந்த நிரலும் அதனிடமே கேட்டு வாங்க வேண்டும். கணவனின் இயந்திரம் வேறு விதம் என்றதும் தொலைபேசியில் சீண்டினாள்.

“அப்ப உங்கட மெசின் தலையில்லா முண்டமா?”

“தலை இருக்கு, சின்னத் தலை. மற்ற வேலைக்காரர் எல்லாம் தனித்தனி வளவில இருக்காங்க.”

விளக்கியும் இருந்தார். வேலைகளை ஏற்பது, அச்சுக்கு அனுப்புவது, கோப்பு இருக்குமிடம் அறிவது எல்லாம் தத்தம் நினைவக எல்லைக்குள் இயங்கும். ஒன்று இடறினால் அதற்கென்று எழுதிய மீட்பு நிரல் தாங்கிப் பார்க்கும். முடியாவிட்டால் மேலே உள்ள நிரலிடம் ஒப்படைக்கும். அந்த வேலை விழுந்தாலும் மற்றவை பெரும்பாலும் ஓடும். மனிதரிடம் கேட்க வேண்டியதைத் திரையில் ஒரு வரியாகக் கேட்கும். நேர வரம்பு இல்லாத வேலையென்றால், பதில் வரும்வரை அந்த வரி அப்படியே நிற்கும்.

ரியாத் வேலையை விட்டு ஊருக்கு வந்தவர் வதனியின் வகுப்பையே எடுத்தார். அவளுடைய சீதன வீட்டில் அவரும் அவளுடைய தாய் அன்னப்பூரணியும் மட்டும். இருவரும் வேறு வேறு நேரத்தில் சாப்பிட்டார்கள். வதனிக்கான முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அவர் சம்மதிக்கவில்லை. முடிந்தது என்று எவரும் வந்து சொல்லாத ஒன்றை அவரால் முடிக்க இயலவில்லை. வருடங்கள் போயின.

2009 வைகாசியில், போர் முடிந்ததென்று பட்டணத்தில் பட்டாசு வெடித்த மாலை, அன்னப்பூரணி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“சண்டையும் முடிஞ்சிட்டு, மகன். அவள் வருவாளெண்டு நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறதால நானும் இன்னும் வாசல் லைட்டை நிப்பாட்டுறல்ல. எனக்கு இனி ஏலா. சடங்குக்கு நாளொண்டு பாருங்க.”

அவர் வகுப்பில் பலமுறை சொன்னதுதான்: நிற்கும் வேலை தன் பிடியிலுள்ள கோப்பை விடாது; அதைக் கேட்டு இன்னொரு வேலையும் பின்னால் நிற்கும். மாமி இத்தனை காலமும் தன் பின்னால் நின்றதை அவர் கவனித்திருக்கவில்லை.

“ஓம் மாமி,” என்றார்.

ஆவணியில் சடங்கு நடந்தது. அந்தப் பாடத் தவணைக்கு அவர் எழுதிய பாடக்குறிப்பில், ‘நிற்கும் வேலையை நீக்கும் முறை’ என்ற தலைப்பின் கீழ் இன்னும் ஒரு வரிகூட எழுதப்படவில்லை.