பெட்டியில் போட வேண்டிய கத்தி

எங்க வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. பாதியில நின்னுபோன லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க முதல்ல பார்க்கிறது இவர் முகத்தைத்தான். பாக்கெட்டில எப்பவும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். மரப்பிடி, ஓரத்துல சின்னதா சில்லு போயிருக்கும். ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் ஸ்க்ரூ டிரைவர். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் ஆடுற நாற்காலியை முடுக்காம சாப்பிட உட்கார மாட்டார். எனக்கு மானம் போகும்.

எங்க பொண்ணு வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன சமயம் அந்தக் கத்தி காணாமப் போச்சு. பழைய பேப்பரோட சேர்த்து நான்தான் எடைக்குப் போட்டுட்டேன்னு பழி. இல்லவே இல்லைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். யார் கேட்டா?

இப்போ அவளைப் பார்க்கக் கிளம்பினோம். "அப்பா, இங்க வந்து ஒரு வேலையும் செய்யக் கூடாது, சும்மா இருக்கணும்"னு போன்ல சொல்லிட்டா. மனுஷன் முகம் சுண்டிப்போச்சு.

"சும்மா இருக்க நான் எதுக்கு? ஷோகேஸ் பொம்மையா?"ன்னார். கையில வேலை இல்லாட்டி அவ வீட்டில தனக்கு என்ன இடம்னு அவருக்குப் பயம்.

அதனால கத்தி வாங்கற படலம் ஆரம்பிச்சுது. விரிச்சா பூட்டிக்கிற கத்தி சில நாட்டில ஆகாதாம். ஒத்தைக் கையால விரியறது சில இடத்துல ஆகாதாம். நீளத்துக்கும் ஊருக்கு ஊர் கணக்காம். கடைக்காரர் சொல்லச் சொல்ல எனக்கே ஆர்வம் பிடிச்சுக்கிச்சு. இத்தனூண்டு சாமானுக்கு இவ்வளவு சட்டமா! இவரோ கண்ணை மூடிக்கிட்டு, ஒவ்வொண்ணையும் கட்டை விரலால விரிச்சுப் பார்த்தார். லிஃப்ட் குழிக்குள்ள இருட்டாம், தடவியே எது எதுன்னு தெரியணுமாம். கடைசியில பூட்டிக்காத சின்னக் கத்தி, குறடு, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சேர்ந்த ஒண்ணைப் பிடிச்சார்.

"கையில கொண்டு போயிடாதீங்க சார், பெட்டியில போட்டு ஏத்திடுங்க"ன்னு கடைக்காரர் ரெண்டு தடவை சொன்னார்.

போட்டார், ஒழுங்காத்தான் போட்டார். ஏர்போர்ட் வாசல்ல ஒரு அம்மாவோட பெட்டிச் சக்கரம் கழண்டு இழுபட்டுச்சு. பார்த்துட்டுச் சும்மா போவாரா? எங்க பெட்டியைத் திறந்து கருவியை எடுத்து முடுக்கிக் கொடுத்தார். அப்புறம், பழக்க தோஷம், பாக்கெட்டில செருகிட்டார். பெட்டியெல்லாம் உள்ள போன பிறகு சோதனையில பிடிச்சு, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில 'டங்'குன்னு போட்டாங்க. வழி பூரா வெறும் பாக்கெட்டைத் தடவிக்கிட்டே வந்தார். திட்டணும்னு இருந்தேன், அதைப் பார்த்ததும் எனக்கு அழுகைதான் வந்துச்சு.

பொண்ணு வீட்டுச் சமையலறையில ஒரு அலமாரிக் கதவு ஒத்தைக் கீல்ல தொங்குது.

"என்ன பாப்பா இது?"

"பல மாசமா இப்படித்தான்பா. நீங்க வருவீங்கன்னு ஆளைக் கூப்பிடல."

"சும்மா இருக்கச் சொன்னியே?"

"சொன்னா நீங்க இருப்பீங்களா என்ன?"

அவர் கையை விரிச்சுக் காட்டினார். "கருவியைப் பிடுங்கிட்டாங்கம்மா."

அவ மேஜை டிராயரைத் திறந்து எதையோ எடுத்து அவர் கையில வச்சா. மரப்பிடி. ஓரத்துல சில்லு.

"கிளம்பும்போது நான்தான் எடுத்துட்டு வந்துட்டேன்பா. இது இருந்தா நீங்க கூட இருக்கற மாதிரி இருந்துச்சு."

"அடிப்பாவி! இத்தனை வருஷம் நான் பழி சுமந்தேனேடி!"ன்னு கத்தினேன். ரெண்டு பேரும் காதுல வாங்கல. "அது சரி, பிடிபடாம எப்படிடி கொண்டு வந்தே?"

"பெட்டியில போட்டுத்தாம்மா."

அவர் என் பக்கமே திரும்பல. கண்ணை மூடிக்கிட்டு, கட்டை விரலால சரியா ஸ்க்ரூ டிரைவரை விரிச்சார்.

"கதவைப் பிடி பாப்பா"ன்னார்.