அம்மா குடித்த நீலத் தண்ணீர்

எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். மழை பெய்தால் சுவர் இடியும் என்று பயம், பெய்யாவிட்டால் கிணறு வற்றும் என்று பயம். அப்படிப்பட்டவளை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணை வைத்தார்கள் என்றால், வேறு ஆள் இல்லை என்றுதான் அர்த்தம். எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் வேலை.

அம்மா தன் வயிற்று வலியை வாயு என்று நம்பி நாலு நாள் ஓமத் தண்ணீர் குடித்தாள். உள்ளே குடல்வால் வெடித்துவிட்டது. ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். எட்டாம் நாள் தையல் போட்ட இடத்தில் மஞ்சளும் பச்சையுமாக ஏதோ கசிந்தது. சீழ் என்று நினைத்தோம். டாக்டர் ஒரு டம்ளரில் நீல மருந்தைக் கரைத்துக் குடிக்க வைத்தார். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் காயத்தின் மேல் வைத்திருந்த பஞ்சு நீலமாகிவிட்டது. நான் அழுத அழுகையில் அன்றைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"குடல்ல ஓட்டை. அது வயித்துத் தோல் வரைக்கும் வழி பண்ணிக்கிச்சு. ஃபிஸ்துலான்னு பேரு," என்றார் டாக்டர் மறுநாள் அப்பாவிடம். "இப்பவே திறந்தா தையல் நிக்காதுங்க. குடலுக்கு ரெஸ்ட் குடுத்தா தானா மூடிக்கலாம். வாயில ஒண்ணும் படக்கூடாது."

கையில் குளுக்கோஸ் பாட்டில் ஏறியது. கசிவு பட்டுத் தோல் வெந்துபோகாமல் காயத்தைச் சுற்றி வெள்ளைக் களிம்பு பூசினார்கள். யாரும் எதையும் ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்தக் கோயில் ஊரில் அது லேசான வேலை இல்லை. பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு இலைப் பொட்டலத்தோடு வந்தார்கள்.

"சாமி பிரசாதம்டி, இதுவா கெடுதல் பண்ணிடப் போவுது? ஒரே ஒரு வாய் குடு," என்பாள் பக்கத்துக் கட்டில் அக்கா.

பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லப் பயம். அம்மா வாய்க்குப் போய்விடுமோ என்றும் பயம். அதனால் வந்த பொங்கலையும் புளியோதரையையும் நானே தின்று தீர்த்தேன். அம்மா துரும்பாக இளைக்க, எனக்குக் கன்னம் உப்பியது.

"எம் பொண்ணு எனக்கும் சேத்துத் துன்றாக்கா," என்று அம்மா சிரிப்பாள். சிரித்தால் வயிறு வலிக்கும். பாதியில் நிறுத்திக்கொள்வாள்.

நாலாவது வாரம் பஞ்சு காய்ந்தே இருந்தது. ஓட்டை மூடியதா என்று பார்க்க டாக்டர் மறுபடியும் நீலத்தைக் கொடுத்தார். அன்றைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பெரியம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்திருந்தாள். அப்பா வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் வரை பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நல்ல சேதி என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மூன்று மணிக்கு அம்மாவின் பெட்பேனை எடுத்துக்கொண்டு போனவள், உள்ளே பார்த்தேன். நீலமும் பச்சையுமாகக் கிடந்தது.

"ஐயோ, அம்மாவுக்குக் கீழ இன்னொரு ஓட்டை வுழுந்துடுச்சு!"

வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸ் அக்கா ஓடிவந்து எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! அது ஆண்டவன் வச்ச வழிடி. மருந்து ரத்தத்துல கலந்து ஒண்ணுக்குல போவுது. உங்கம்மா வயித்தப் போய்ப் பாரு."

பஞ்சு வெள்ளைதான். டாக்டர் வந்து, ஓட்டை மூடிவிட்டது, ஆபரேஷன் வேண்டாம், நாளைக்கு இளநீரில் ஆரம்பிக்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துத் துண்டு துண்டாகக் கிழித்தார்.

அது பள்ளிக்கூடத்தில் வாங்கி வைத்திருந்த என் டி.சி. அம்மா பிழைக்காவிட்டால் பெரியம்மா வீட்டிலிருந்து நான் படிப்பதாக ஏற்பாடு. பெட்டி என் துணிமணிக்கு. கிழித்த பிறகு என்னைத் திரும்பச் சேர்க்க அப்பா தலைமையாசிரியர் முன்னால் கைகட்டி நின்றதும், அப்படிச் சேர்த்தும் நான் இரண்டு வருஷம்தான் படித்ததும் வேறு கதை.

எதுவும் தெரியாத நான், புறப்பட்ட பெரியம்மாவின் பெட்டியைப் பிடித்துத் தொங்கினேன்.

"என்னையும் கூட்டினு போ பெரீம்மா."

"வாயக் கழுவுடி! நீ எதுக்குடி வரணும்? உங்கம்மா இருக்கா."

பெட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். பெரியம்மாவுக்கு என் மேல் கொஞ்சம்கூட ஆசை இல்லை என்று அன்று சாயந்திரம் முழுக்க அழுதேன்.