நேற்றுத்தான் காய்ச்சல் என்று சொன்ன பொய்

என் கணவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் அன்றே வந்துவிட வேண்டும் என்பது சிறுநீரக டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஆனால், திங்கட்கிழமை வந்த காய்ச்சலை, காங்கேயத்தில் எங்கள் எண்ணெய் மில்லில் வேலை கிடக்கிறது என்று இவர் தள்ளிப்போட்டார். நானும் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் கோவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரிசோதனையில் கொரோனா என்று வந்தது.

"எப்பயிருந்து காய்ச்சல்?" என்று அங்கே காய்ச்சல் பார்க்கும் டாக்டர் கேட்டதும், "நேத்திருந்துதானுங்க" என்றார் இவர். திட்டு விழுமே என்று நானும் தலையாட்டினேன்.

"அப்ப நேரமிருக்கு. இவருக்கு ஆபத்து அதிகம், வைரஸுக்கான மாத்திரை கொடுத்தே ஆகணும். காய்ச்சல் வந்து அஞ்சு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன். கிட்னி மாத்திரையோட ஒத்துக்குமான்னு விசாரிச்சிட்டு ஞாயித்துக்கிழமை ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர்.

விரல்விட்டு எண்ணினேன். திங்கட்கிழமையிலிருந்து கணக்கிட்டால், அந்த வெள்ளிக்கிழமையே ஐந்தாம் நாள். இவரோ எதுவும் தெரியாதவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க டாக்டர், பொய் சொல்லிப்போட்டோமுங்க. திங்கக்கிழமையே வந்துருச்சுங்க" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "திட்டறதுக்குக்கூட இப்ப நேரமில்லீங்கம்மா" என்றபடி போனை எடுத்தார். சிறுநீரக டாக்டரிடம் பேசி, பழைய மாத்திரை ஒன்றை நிறுத்தச் சொல்லிவிட்டு, அன்று மாலையே முதல் வேளை மாத்திரையைக் கொடுத்தார். இவர் பிழைத்தார்.

இப்போதெல்லாம் இவருக்கு உடம்பு சுட்டால், அன்றைய காலண்டர் தாளைக் கிழித்து மருத்துவ ஃபைலில் வைத்துவிடுகிறேன். டாக்டர் கேட்டதும், இவர் வாயைத் திறக்கும் முன் அந்தத் தாள் மேஜைமேல் இருக்கும்.